ஓடும் வண்டிக்குச் சோதனை. ஓடிய தூரத்துக்கு வரி

ஆண்டுக்கொருமுறை எம் வீட்டுப் பழைய காருக்கு ஒரு விசேட வைத்தியம் நடப்பதுண்டு. வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியாகும் நாள் நெருங்கியதும் அதனை வழக்கமான கராஜுக்குக் கொண்டுசெல்வோம். அங்குள்ள மெக்கானிக் எண்ணெய் படிந்த கையைத் துணியில் துடைத்தவாறே, "என்ன மாஸ்ரர், புகைச் சோதனைக்கோ?" என்று கேட்பார். வேறு விளக்கம் அவருக்கு வேண்டியதில்லை. காபரேற்றரிலுள்ள ஒரு திருகை இம்மியளவு திருப்புவார். காற்று வடியைக் கழற்றித் தட்டுவார். அவ்வளவே. அன்று முழுவதும் கார் மூச்சடக்கிய யோகிபோல் புகையின்றி நிற்கும். சோதனை நிலையத்தில் புகைக் குழாயினுள் கருவியின் முனையைச் செருகி அளந்து சான்றிதழ் கொடுப்பர். மறுநாள் அத்திருகு பழைய இடத்துக்கே மீண்டுவிடும். மீளாவிடின் நாலுபேரை ஏற்றிக்கொண்டு வண்டி இழுக்காது.

இச்சிறு கபடத்தில் நாமும் உடந்தை என்பதை மறைக்க விரும்பவில்லை. சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்றே அதனைப் பகிரங்கமாகச் சொல்லத் தூண்டுகின்றது. சான்றிதழ் பெற்ற மூன்றாம் வாரம், ரயர் மாற்றுவதற்காக முன் சில்லைக் கழற்றியபோது, பிறேக் எண்ணெய் செல்லும் இறப்பர்க் குழாய் வெடிப்புற்று, ஈரம் கசிந்து, இன்னுமொருமுறை பலமாக அழுத்தினால் அறுந்துபோகும் நிலையில் இருந்தமை தெரியவந்தது. அந்த மூன்று வாரமும் அதே காரில், கல்லூரி விடும் நேரத்தில், சைக்கிள்களில் மாணவர் கூட்டம் தெருவை நிறைத்துச் செல்லும் வேளையில், நாம் போய்வந்திருந்தோம். சட்டைப்பையில் சான்றிதழ் இருந்தது. அது புகையைப் பற்றிய சான்றிதழ். பிறேக்கைப் பற்றி எவரும் கேட்கவில்லை; நாமும் எம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இலங்கையில் புகைப் பரிசோதனை 2008ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பஸ், லொறி முதலிய வாகனங்களுக்குத் தகுதிச் சான்றிதழ் என ஒன்று தனியே உண்டு. ஆனால் தனியார் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஆண்டுதோறும் பிறேக்கையும் ஸ்ரியறிங்கையும் ரயரையும் சோதிக்கும் கட்டாயம் இல்லை. இருத்தல் வேண்டுமா என்பது ஒரு கேள்வி. தெருவுக்கான வரியை ஆண்டுக்கு இவ்வளவு என்றோ, பெற்றோலின் விலையோடு சேர்த்தோ வாங்குவதை விடுத்து, வண்டி ஓடிய தூரத்துக்கேற்ப வாங்கலாமா என்பது மற்றொரு கேள்வி. மேல்நாடுகள் பலவற்றில் இவ்விரண்டும் இன்று காரசாரமாக விவாதிக்கப்படுகின்றன. தனித்தனியாகத் தோன்றும் இக்கேள்விகள் ஓரிடத்தில் வந்து சந்திக்கின்றன. அவ்விடம், சாரதியின் கண்ணெதிரே இருந்து, வண்டி பிறந்த நாள் முதல் ஓடிய தூரத்தை எண்ணிக்கொண்டிருக்கும் தூரமானியே.

பத்தாண்டுச் சோதனை

பிரித்தானியாவில் மோட்டார் வண்டிச் சோதனை 1960ஆம் ஆண்டு செப்ரெம்பர் 12ஆந் திகதி தொடங்கியது. அப்போது போக்குவரத்து அமைச்சராயிருந்தவர் ஏர்னஸ்ற் மாப்பிள்ஸ். பத்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கு மட்டுமே சோதனை. ஆதலால் மக்கள் அதனைப் 'பத்தாண்டுச் சோதனை' என்றே வழங்கினர். பிறேக், விளக்கு, ஸ்ரியறிங் ஆகிய மூன்றையும் பார்த்தனர். விரும்பியவர் கொண்டுவரலாம் என்று தொடங்கிய சோதனை, 1961 இன் தொடக்கத்தில் கட்டாயமாயிற்று. உலகப் போருக்கு முன் செய்யப்பட்ட கார்களும் தெருவில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. தேறாத வண்டிகளின் தொகையைக் கண்ட அரசாங்கம் திடுக்குற்று, அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே பத்தை ஏழாகக் குறைத்தது. 1967 இல் ஏழு மூன்றாயிற்று. அடுத்த ஆண்டில் ரயரும் சோதனையிற் சேர்ந்தது.

இத்தகைய கட்டாயத்தை வண்டிக்காரர் வெறுப்பர் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் 2023 இல் பிரித்தானிய அரசாங்கம், முதற் சோதனையை மூன்றாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாமா என்று கருத்துக் கேட்டபோது, வேண்டாம் என்று முன்வந்து சொன்னவை மோட்டார் வாகன உரிமையாளருக்காகப் பேசும் சங்கங்களே. 2024 சனவரியில், மூன்றாண்டே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அறுபது ஆண்டுப் பழக்கத்தில் சோதனை அந்நாட்டாருக்குத் தொல்லையாக அன்றி, எதிரே வரும் வண்டியின் பிறேக்கைப் பற்றிய ஓர் உறுதியாக மாறிவிட்டது எனலாம்.

அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் கதை வேறு. அமெரிக்காவில் இஃது அந்தந்த மாநிலத்தின் விடயம். நியூ ஜேர்சி மாநிலம் 2010 இல் தனியார் கார்களின் இயந்திரப் பாதுகாப்புச் சோதனையைக் கைவிட்டது. புகைச் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டது. ரெக்சாஸ் மாநிலம் 2025 சனவரி முதலாந் திகதி தனியார் வண்டிகளின் பாதுகாப்புச் சோதனையை ஒழித்தது. ஒழித்த விதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சோதனையோடு சேர்த்து மாநிலத்துக்குச் செலுத்தப்பட்டுவந்த ஏழரை டொலர் ஒழியவில்லை. 'சோதனைக்குப் பதிலான கட்டணம்' என்னும் புதுப் பெயரோடு அது தொடர்ந்து அறவிடப்படுகின்றது. வைத்தியர் வருவதை நிறுத்திவிட்டு வைத்தியக் கூலியை மட்டும் வாங்கும் விந்தை இது.

சோதனையை வேண்டாம் என்போர் வெறுமனே கட்டணத்துக்கு அஞ்சிப் பேசுபவரல்லர். அவர்கள் கையில் ஒரு கணக்கு இருக்கின்றது. 2005 முதல் 2007 வரை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையினர் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விபத்துகளை நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்தனர். விபத்துக்கு முந்திய இறுதிக் காரணம் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கில் சாரதியைச் சார்ந்ததாகவும், இரண்டில் மட்டுமே வண்டியைச் சார்ந்ததாகவும் காணப்பட்டது. இரண்டு வீதத்துக்காக நாட்டிலுள்ள வண்டிகளையெல்லாம் வரிசையில் நிறுத்துவதா என்று அவர்கள் கேட்கின்றனர்.

கேள்வி நியாயமானதே. ஆயினும் 'இறுதிக் காரணம்' என்னும் சொல்லை மாணவர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். மழைத் தெருவில் வேகமாக வந்த சாரதி பிறேக்கை அழுத்துகின்றான். தேய்ந்த ரயர் வழுக்குகின்றது. வண்டி மதிலில் மோதுகின்றது. இங்கே இறுதிக் காரணம் சாரதியின் வேகம் என்றுதான் எழுதப்படும். நல்ல ரயராயிருப்பின் அதே வேகத்தில் அதே சாரதி தப்பியிருக்கக்கூடும் என்பது அந்தப் பட்டியலில் ஏறாது. எம் காரின் பிறேக் குழாய் அன்று அறுந்திருந்தால், 'மாணவர் நெரிசலில் கவனமின்றி ஓட்டிய ஆசிரியர்' என்றுதான் பொலிசாரின் குறிப்பில் முதலில் எழுதப்பட்டிருக்கும்; அதுவும் முற்றிலும் பொய்யாகாது.

எதிர்ப்பாளர் சொல்லும் மற்றொரு நியாயம் எமக்கு இதனிலும் வலியதாகப் படுகின்றது. புது வண்டி வைத்திருப்பவன் சோதனைக்கு அஞ்சுவதில்லை. அஞ்சுபவன் பழைய வண்டி வைத்திருப்பவன். அதாவது, புதியது வாங்க வகையற்றவன். மீன் ஏற்றும் முச்சக்கர வண்டியையும் மரக்கறி ஏற்றும் சிறு லொறியையும் ஒரு கையெழுத்தால் வீட்டில் நிறுத்திவிடலாம். அவ்வண்டியை நம்பிய அடுப்பும் அன்றே நின்றுவிடும். பிரித்தானியாவில் சோதனைக் கட்டணத்துக்கு மேல்வரம்பு உண்டு. காருக்கு அது 54 பவுண் 85 பென்ஸ் எனப் பல ஆண்டுகளாக இருந்துவந்தது. ஆனால் சோதனையில் தேறாத வண்டியைத் திருத்தும் கூலிக்கு வரம்பில்லை. சோதிக்கும் கராஜும் திருத்தும் கராஜும் அங்கே பெரும்பாலும் ஒன்றே! குறை கண்டால் வருமானம் கூடும் ஒருவரிடம் குறை காணும் பொறுப்பை ஒப்படைப்பது எவ்வளவு பொருத்தம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் பரிகாரமாக வட அயர்லாந்தில் சோதனையை அரசாங்க நிலையங்களே நடத்துகின்றன. அங்கே திருத்த வேலை செய்வதில்லை, சோதனை மட்டுமே. கொள்கையளவில் இதுவே எமக்கு உகந்த முறை. ஆனால் 2020 சனவரியில் அங்கு நேர்ந்ததையும் சொல்லத்தான் வேண்டும். கார்களை உயர்த்திப் பார்க்கும் தூக்கு இயந்திரங்கள் 55 இல் 48 இல் வெடிப்புகள் காணப்பட்டன. சோதகரின் கருவியே சோதனையில் தோற்றுப்போகக் கார்களின் சோதனை நிறுத்தப்பட்டு, வண்டிக்காரருக்குத் தற்காலிக விலக்குப் பத்திரங்கள் வழங்கப்பட்டன.

பெற்றோல் வரியின் சாமர்த்தியம்

இனி வரிக்கு வருவோம். பெற்றோலுக்கு வரி விதிக்கும் வழக்கம் பிரித்தானியாவில் 1909ஆம் ஆண்டு லோயிட் ஜோர்ஜின் வரவு செலவுத் திட்டத்தோடு தொடங்கியது. கலனுக்கு மூன்று பென்ஸ். அமெரிக்காவில் முதன்முதல் பெற்றோல் வரி விதித்த மாநிலம் ஒறிகன். 1919 இல் கலனுக்கு ஒரு சதம். தெருவுக்காக வாங்கும் பணத்தைத் தெருவுக்கே செலவிடுவோம் என்ற வாக்குறுதியோடு பிரித்தானியாவில் ஒரு நிதியும் இருந்தது. 1926 இல் நிதியமைச்சராயிருந்த சேர்ச்சில் அந்நிதியிற் கைவைத்தார். 1937 இல் அந்த ஏற்பாடே முடிந்தது. அன்றுமுதல் வாகன வரி பொதுக் கருவூலத்தில் கலந்துவிடும் ஏனைய வரிகளில் ஒன்றாயிற்று. தெருவில் ஒரு பள்ளத்தைக் கண்டதும், "வரி கட்டுகிறோமே!" என்று சினக்கும் சாரதிகள் அங்கும் உளர்.

பெற்றோல் வரி சாதாரண வரியாகத் தோன்றினாலும் மிகச் சாமர்த்தியமான ஒன்று. கூர்ந்து நோக்கின் அதுவும் தூரத்துக்கு வாங்கும் வரியே. நூறு மைல் ஓடியவன் ஐம்பது மைல் ஓடியவனைவிட இருமடங்கு எரிக்கின்றான், இருமடங்கு செலுத்துகின்றான். அதுமட்டுமன்று, பாரமான வண்டி கூடுதலாக எரிப்பதால் கூடுதலாகச் செலுத்துகின்றது. தூரத்தையும் பாரத்தையும் ஒருசேர அளக்கும் ஒரு கருவி, மானியும் இன்றி, கணக்கப்பிள்ளையும் இன்றி, எரிபொருள் நிரப்பும் நிலையத்திலேயே தன் வேலையை முடித்துவிடுகின்றது. ஏய்ப்பதும் எளிதன்று.

எரிபொருளையே மாற்றிவிட்டால் மட்டும் இக்கருவி குருடாகிவிடும். யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1990களில் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரும்பொருளாகிவிட்ட காலத்தில், நாம் சிறுவராயிருந்தபோது, ஊரிலிருந்த ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவர். அந்த வித்தையைச் செய்த மெக்கானிக்குகளைப் பொறியியலாளர் என்று அழைத்தாலும் தகும். அவர்கள் செய்தது வரிக்குத் தப்புவதற்காக அன்று, பிழைப்பதற்காக. எனினும் வண்டி ஓடுவதற்குப் பெற்றோல்தான் வேண்டுமென்பதில்லை என்ற உண்மையை நாம் அப்போதே கண்ணாற் கண்டுவிட்டோம்.

இப்பொழுது உலகமெங்கும் அதே உண்மையை மின்சாரக் கார் கற்பிக்கின்றது. அது ஒரு துளி பெற்றோலும் எரிப்பதில்லை. எனவே பெற்றோல் வரியும் செலுத்துவதில்லை. தெருவிலோ மற்றக் கார்களைப் போலவே ஓடுகின்றது. மின்கலத்தின் பாரத்தால், தன்னையொத்த பெற்றோல் காரைவிடக் கனமாகவும் இருக்கின்றது. பிரித்தானியக் கருவூலத்துக்கு எரிபொருள் வரியால் ஆண்டுதோறும் வந்தது இருபது பில்லியன் பவுணுக்கு மேல். அத்தொகை கண்ணெதிரே கரைவதை எந்த நிதியமைச்சர் பார்த்துக்கொண்டிருப்பார்?

நியூசிலாந்து காட்டிய வழி

தூரத்துக்கு வரி வாங்குவது புது யோசனையன்று. நியூசிலாந்து அதனை 1978 முதல் செய்துவருகின்றது. அங்கே பெற்றோலுக்கு வரி உண்டு. டீசலுக்கு அத்தகைய வரி இல்லை. கமக்காரரின் உழவு இயந்திரமும் மீனவரின் படகும் எரிக்கும் டீசலுக்குத் தெருவரி கேட்பது நியாயமாகாது என்பது காரணம். அதற்கு மாறாக, தெருவில் ஓடும் டீசல் வண்டிகள் ஆயிரம் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தூரத்தை 'வாங்கி'க்கொள்ள வேண்டும். பார வண்டிகளின் சில்லச்சில் ஒரு தனி மானி பூட்டப்படுகின்றது. பின்னாற் பூட்டி இழுக்கும், இயந்திரமேயில்லாத திரெயிலர்கூடத் தனக்குரிய மானியோடு தனக்குரிய வரியைச் செலுத்துகின்றது. பாரமும் அச்சுகளின் தொகையும் பார்த்தே கட்டணம் வகுக்கப்படுகின்றது.

வரி என்றால் சினமும் உண்டு. 2008 யூலையில் அக்கட்டணத்தை முன்னறிவித்தலின்றி உயர்த்தியபோது லொறிச் சாரதிகள் நாடெங்கும் நகரங்களுக்குள் வரிசையாக வண்டிகளைச் செலுத்தித் தெருக்களை நிறைத்தனர். ஆனால் அவர்கள் சண்டையிட்டது கட்டணத்தோடுதான், முறையோடு அன்று. மின்சாரக் கார்களுக்கு இருந்த விலக்கு 2024 மார்ச் 31 உடன் முடிந்தது. ஏப்ரில் முதல் அவையும் ஆயிரம் கிலோமீற்றருக்கு 76 நியூசிலாந்து டொலர் செலுத்தலாயின. 2025 இல் அந்நாட்டு அரசாங்கம், படிப்படியாகப் பெற்றோல் வண்டிகளையும் இம்முறைக்குள் கொண்டுவரப்போவதாக அறிவித்தது.

இம்முறை அங்கே தடங்கலின்றி நடப்பதற்கு ஓர் இரகசியம் உண்டு. அதுவே எம் இரு கேள்விகளையும் இணைப்பது. நியூசிலாந்தில் 1937 முதல் வாகனத் தகுதிச் சோதனை இருக்கின்றது. நெடுங்காலம் ஆறு மாதத்துக்கொருமுறை நடந்த அச்சோதனை, 2014 இல் புதிய வண்டிகளுக்குத் தளர்த்தப்பட்டு, 2000ஆம் ஆண்டுக்குப் பின் பதிவானவற்றுக்கு ஆண்டுக்கொருமுறையாயிற்று. பிறேக்கைப் பார்க்கும் சோதகர் தூரமானியையும் பார்த்து எழுதிவைக்கின்றார். பொய்க்கணக்குக் காட்டுபவன் அந்த எழுத்தில் அகப்படுகின்றான்.

இதனைத்தான் இப்போது பிரித்தானியா பின்பற்ற முனைகின்றது. 2025 நவம்பரில் நிதியமைச்சர் றேச்சல் றீவ்ஸ் அறிவித்த திட்டத்தின்படி, 2028 ஏப்ரில் முதல் மின்சாரக் கார்கள் மைலுக்கு 3 பென்ஸ் செலுத்த வேண்டும். மின்சாரத்தை ஏற்றிக்கொண்டு பெற்றோலிலும் ஓடும் கலப்பு வண்டிகள் ஒன்றரைப் பென்ஸ். ஆண்டுக்கு எண்ணாயிரம் மைல் ஓடும் மின்சாரக் காருக்கு 240 பவுண் வரும். பெற்றோல் காருக்காகச் செலுத்தப்படும் வரியில் இஃது ஏறத்தாழப் பாதியே. ஓடிய மைலை யார் பார்ப்பது? ஆண்டுச் சோதனையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. மூன்று வயது நிரம்பாத கார்களுக்கோ சோதனையே இல்லை; அவற்றின் மானியைப் பார்ப்பதற்கென்றே தனி ஏற்பாடு வேண்டும். ஆக, மாப்பிள்ஸ் காலத்தில் பிறேக்கைப் பார்க்கத் தொடங்கிய கராஜ்காரர் எழுபதாண்டு நிறையுமுன் அரசாங்கத்தின் வரிக் கணக்கரும் ஆகின்றார். மானியைப் பின்னோக்கித் திருப்பிப் பழைய காரை இளமையாக்கும் தந்திரம் கார் விற்பனையில் பழையது. இனி அத்தந்திரத்துக்கு இரட்டை இலாபம்.

அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம் சற்று அவசரப்பட்டு இதே வழியிற் சென்றது. 2021 இல் மின்சாரக் கார்களுக்குக் கிலோமீற்றருக்கு இரண்டரைச் சதம் என விதித்து, தூரமானியைப் படம் பிடித்து அனுப்புமாறு உரிமையாளரைக் கேட்டது. அயல் மாநிலத் தெருவில் ஓடிய தூரத்துக்கும் விக்ரோறியாவே வரி கேட்டது! இரு கார்ச் சொந்தக்காரர் வழக்குத் தொடுத்தனர். 2023 ஒற்றோபரில் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்னும் பெரும்பான்மையால், இத்தகைய வரியை மத்திய அரசாங்கம் மட்டுமே விதிக்கலாம் என்று கூறி அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது.

ஒறிகன் மாநிலத்தில் எழுந்த ஆட்சேபம் வேறுவகையானது. முதற் பெற்றோல் வரியின் தாயகமான அதுவே 2015 யூலையில், விரும்பிச் சேர்பவரிடம் மட்டும், மைலுக்கு ஒன்றரைச் சதம் வாங்கும் முறையைத் தொடங்கியது. வண்டியிற் பூட்டும் சிறு கருவி தூரத்தைக் கணக்கிடும். வானிலுள்ள செய்மதிகளின் துணையோடு எந்தத் தெருவில் ஓடியது என்பதையும் அறிய வல்ல கருவியும் உண்டு. நாம் எங்கே போனோம், யார் வீட்டு வாசலில் நின்றோம் என்பதை அரசாங்கம் அறிவதா என்று பலர் சினந்தனர். ஆதலால் இடத்தைக் காட்டாத கருவியும் தெரிவுக்கு வைக்கப்பட்டது. சேகரித்த விவரங்களைக் குறித்த காலத்தில் அழித்துவிட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. 2022 இல் எரிபொருளுக்காகக் கியூ.ஆர். குறியை நீட்டிக்கொண்டு வெயிலில் நின்ற எமக்கு இச்சினம் சற்று ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் நள்ளிரவில் எவ்வண்டி எந்த ஒழுங்கையில் நின்றது என்ற கணக்கு எவர் கையிலும் இருத்தல் நல்லதன்று என்பதை அறிய இந்நாட்டில் நாம் ஒறிகன்காரரிடம் பாடம் கேட்க வேண்டியதுமில்லை.

தெருவை உடைப்பவன் யார்?

தூரத்துக்கேற்ற வரி கிராமத்தானைத் தண்டிக்கும் என்பதே எல்லா நாட்டிலும் கேட்கும் முறைப்பாடு. நகரத்தான் பக்கத்துத் தெருவில் வைத்தியரைக் காண்பான். கிராமத்தான் இருபது மைல் ஓடவேண்டும். உண்மையே. ஆனால் முன் சொன்னதுபோல, பெற்றோல் வரியிலும் அவன் அந்த இருபது மைலுக்குச் செலுத்திக்கொண்டுதான் இருந்தான். அது விலைக்குள் ஒளிந்திருந்தமையால் தெரியவில்லை. எமக்கு இதனைவிடப் பெரிதாகத் தோன்றும் குறை வேறொன்று. தூரத்தை மட்டும் அளக்கும் வரி, பெற்றோல் வரி அறிந்திருந்த ஒன்றை மறந்துவிடுகின்றது. அது பாரம்.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், ஒற்றாவா என்னும் ஊருக்கருகே, சோதனைக்கென்றே வளையத் தெருக்கள் போடப்பட்டன. இராணுவத்தினர் சாரதிகளாயிருந்து, வெவ்வேறு பாரமேற்றிய லொறிகளை அவற்றில் இரவு பகலாக ஓட்டினர். எந்தப் பாரத்துக்கு எந்தத் தெரு எவ்வளவு காலத்தில் உடைகின்றது என்று அளந்தனர். பெறுபேறு இன்றும் தெரு அமைப்போரின் பாலபாடம்: அச்சின் மேலுள்ள பாரம் இருமடங்கானால் தெருவுக்கு நேரும் சேதம் இருமடங்காவதில்லை, ஏறத்தாழப் பதினாறு மடங்காகின்றது. அதாவது, சேதம் பாரத்தின் நான்காம் அடுக்கையொட்டி வளர்கின்றது. பாரம் பத்து மடங்கானால் என்னவாகும் என்பதை வீட்டிலுள்ள மாணவர்கள் கணக்கிட்டுத் தந்தையாருக்குச் சொல்லட்டும். பத்தாயிரம் என்ற விடையை அவர் எளிதில் நம்பமாட்டார்.

இந்தக் கணக்கை ஏட்டில் படிக்குமுன்பே எம் ஊர்த் தெருவில் நாம் படித்துவிட்டோம். புதிதாகத் தார் போட்ட ஒழுங்கை. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் இரண்டொரு காரும் ஆண்டுக்கணக்காக ஓடின, ஒன்றும் நேரவில்லை. ஒரு மழைக்காலம் மணல் ஏற்றிய டிப்பர்கள் அவ்வழியே வரத்தொடங்கின. தை பிறக்குமுன் தெருவின் இரு ஓரமும் இடிந்து, நடுவில் முழங்காலளவு பள்ளம். அப்பள்ளத்தில் விழுந்தெழும்பி ஓடும் சைக்கிளின் சில்லு நெளிந்தால் திருத்தும் கூலி சைக்கிள்காரனுடையது. எம் காரின் பிறேக் குழாய் வெடித்ததற்கும் அப்பள்ளத்துக்கும் ஏதேனும் தொடர்புண்டோ என்று மெக்கானிக்கிடம் கேட்டோம். அவர் சிரித்தாரேயன்றி விடை கூறவில்லை.

ஒறிகனும் நியூசிலாந்தும் பார வண்டிகளிடம் நிறையையும் தூரத்தையும் சேர்த்துக் கேட்பதன் நியாயம் இதுவே. பிரித்தானியா அறிவித்த மைலுக்கு மூன்று பென்ஸ், சிறிய மின்சாரக் காருக்கும் அதனிலும் இருமடங்கு பாரமான ஆடம்பர வண்டிக்கும் ஒன்றே. மைலைக் கேட்டவர்கள் நிறையையும் கேட்டிருக்கலாம். நிறை பதிவுப் புத்தகத்திலேயே எழுதியிருக்கின்றது, அதனைப் பார்க்க மானியும் வேண்டியதில்லை.

இலங்கையில் இவ்விவாதம் இன்னும் தொடங்கவில்லை என்று எண்ணிச் சும்மா இருத்தல் இயலாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டபின், மின்சாரக் கார்கள் யாழ்ப்பாணத் தெருக்களிலும் தென்படுகின்றன. துறைமுகத்தில் அவை பெருந்தொகை வரி செலுத்தியே வருகின்றன. ஆனால் ஓடத் தொடங்கியபின், எரிபொருள் விலையோடு மற்றவர் நாள்தோறும் செலுத்தும் வரியில் அவற்றுக்குப் பங்கில்லை. புகையில்லாமையாற் புகைச் சோதனையும் இல்லை. எனவே அவற்றின் பிறேக்கையோ மானியையோ ஆண்டுக்கொருமுறையேனும் பார்க்கும் கண் எங்கும் இல்லை. மறுபுறத்தில், 2025 மே மாதம் கொத்மலையிலும் அவ்வாண்டு செப்ரெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியிலும் பஸ் வண்டிகள் பள்ளத்தில் வீழ்ந்து பல உயிர்கள் மாண்டபின், தகுதிச் சோதனை பற்றிய பேச்சுப் பலமாக எழுந்தது. தகுதிச் சான்றிதழ் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றது. அச்சான்றிதழுக்கு முதல்நாள் எந்தக் கராஜில் எந்தத் திருகு திருப்பப்படுகின்றது என்பதே கேட்க வேண்டியது. அக்கேள்வியைக் கேட்கும் தகுதி எம்மைப் போன்றவருக்கு உண்டோ என்பதும் ஐயமே.

இவ்வாண்டு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நாள் வந்தபோது வழக்கம்போல் கராஜுக்குப் போனோம். வழக்கமான கேள்வி வந்தது. "அது பிறகு பாப்பம். முதலிலை நாலு சில்லையும் கழற்றிப் பிறேக்கைப் பாரும்" என்றோம். அவர் எம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"சோதனையிலை அதைப் பாக்கமாட்டினமே, மாஸ்ரர்!"

"பரவாயில்லை, நீர் பாரும்."

அரை மணி நேரம் சென்றது. பின்புறத்து இடப்பக்கச் சில்லின் பிறேக் கட்டை இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது. அதனைக் கையிலெடுத்து வெளிச்சத்திற் பிடித்துக் காட்டிவிட்டு, புதியது வாங்கிவரப் பையனைச் சைக்கிளிற் கடைக்கு அனுப்பினார்.